வீட்டு வைஃபை: புகார் ஒரு கணினியில், கோளாறு இன்னொன்றில்

வீட்டில் ஒரே ஒரு கணினி இருந்து, அதில் நெட் சுற்றிக்கொண்டே இருந்தால் கோளாறு எங்கே என்று சொல்வது கஷ்டம். ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இல்லை. ஹாலில் ஒரு டெஸ்க்டாப், படுக்கையறையில் ஆபீஸ் லேப்டாப், மாடியில் பிள்ளைகளின் லேப்டாப், ஆளுக்கொரு போன், டிவி, வாசலில் கேமரா என்று இருக்கும் வீட்டில்தான் துப்பு நிறையக் கிடைக்கும். ஆனால் நடப்பது என்ன? யார் சத்தம் போடுகிறாரோ அவருடைய கணினியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு டிரைவர், ஆன்டிவைரஸ், விண்டோஸ் அப்டேட் என்று நோண்ட ஆரம்பிக்கிறோம். பல கருவிகள் ஒரே வைஃபையைப் பகிரும் வீட்டில், சத்தம் வரும் கணினி பெரும்பாலும் பாதிக்கப்பட்டதுதான். பாதிப்பை உண்டாக்குவது வேறு ஏதோ ஒன்று, அது எந்தப் புகாரும் சொல்லாமல் ஒரு மூலையில் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும்.

முதலில் அந்த ரீஸ்டார்ட் பழக்கம். ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்பது பொய்யில்லை. தேங்கி நின்ற தரவெல்லாம் காலியாகிறது, எல்லாக் கருவிகளும் புதிதாக முகவரி வாங்கி இணைகின்றன, சில ரூட்டர்கள் சேனலையும், அதாவது பேசும் அலைவரிசைத் துண்டையும், மாற்றிக்கொள்கின்றன. சிக்கல் என்னவென்றால், இத்தனையும் ஒரே நேரத்தில் நடப்பதால் எது காரணம் என்பதற்கான தடயமும் சேர்ந்தே அழிந்துவிடும். அடுத்த நாள் சாயங்காலம் அதே கதை. எனவே நெட் மோசமாக இருக்கும்போதே, சுவிட்சில் கை வைப்பதற்கு முன், கொஞ்சம் அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். விண்டோஸில் சிஎம்டி என்று தட்டினால் வரும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் ரூட்டரின் முகவரி தெரியும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அந்த முகவரிக்கு ஒரு பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்டு, பதில் வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று அளக்கும் கட்டளை), வெளியே கூகுளின் 8.8.8.8க்கு ஒரு பிங், அப்புறம் ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு ஒரு பிங். முதல் பிங்கே தடுமாறினால் கோளாறு உங்கள் வீட்டுக் காற்றில், அதாவது வைஃபையில். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது தடுமாறினால் ரூட்டருக்கு வெளியே, அதாவது லைனில். முதல் இரண்டும் சரியாக இருந்து, பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம், டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 என்றோ 8.8.8.8 என்றோ மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதை ஒரு கணினியில் மட்டும் செய்தால் பாதிப் பயன்தான். புகார் வந்த கணினியிலும் ரூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றிலும் ஒரே நேரத்தில் பிங் ஓட விடுங்கள். முடிந்தால் ஒரு கணினியை லேன் வயரில் நேராக ரூட்டரில் செருகி அதிலும் ஓட விடுங்கள். வயரில் ரூட்டருக்கான பிங் 1 மில்லிநொடிக்குள் இருக்கும், பக்கத்து வைஃபையில் 2 முதல் 5 வரை, எப்போதாவது 20, 30 என்று துள்ளினால் கவலை இல்லை. வயரில் இருப்பது அசையாமல் ஓட, வைஃபையில் இருப்பவை எல்லாம் ஒன்றாகத் துள்ளினால் சிக்கல் காற்றில், ஒரு தனிக் கணினியில் அல்ல. ஒன்று மட்டும் துள்ளி மற்றவை நன்றாக இருந்தால்தான் அந்தக் கணினியை, அது இருக்கும் இடத்தைச் சந்தேகப்பட வேண்டும். மூன்றும் ஒன்றாக விழுந்தால் ரூட்டர். இந்த ஒப்பீடு இல்லாமல் வெறும் ஸ்பீட் டெஸ்ட் போட்டு ‘100 மெகாபிட் பிளான், 12தான் வருது’ என்று சண்டைக்குப் போவதில் அர்த்தம் இல்லை, அந்த 12 எந்த இடத்தில் அடைபட்டது என்று ஸ்பீட் டெஸ்ட் சொல்லாது.

சரி, எல்லாம் ஒன்றாகத் துள்ளுவது எப்படி நடக்கிறது? வயரில் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பாதை. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், ரூட்டரும் அதில் அடக்கம். பேசுவதற்கு முன் ஒவ்வொன்றும் காற்று காலியாக இருக்கிறதா என்று கேட்டு, கொஞ்சம் தாமதித்து, அப்புறம்தான் அனுப்பும். 1997இல் வைஃபைக்கான 802.11 தரம் வந்தபோதே வகுத்த முறை இது. 802.11என், ஏசி என்று தலைமுறைகள் மாறியும் அடிப்படை இதுதான். வைஃபை 6 வந்த பிறகு ரூட்டரே பலருக்குச் சேர்த்து நேரம் ஒதுக்கும் வசதி வந்தது, ஆனால் அதற்கு ரூட்டரும் கருவியும் இரண்டுமே புதியவையாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் ரூட்டர் புதிது, மற்றதெல்லாம் கலவை.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பது அனுப்பும் வாய்ப்புதான், நேரம் அல்ல. ரேஷன் கடை வரிசையில் ஆளுக்கு ஒரு முறைதான், ஆனால் முன்னால் நிற்பவர் சில்லறையை எண்ணி எண்ணிக் கொடுத்தால் பின்னால் இருப்பவர் எவ்வளவு வேகமாகக் காசை நீட்டினாலும் பயன் இல்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். தரவு பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும், 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலம் என்பது 12,000 பிட். 54 மெகாபிட்டில் பேசும் லேப்டாப் அதை அனுப்ப எடுத்துக்கொள்வது சுமார் 222 மைக்ரோநொடி. தூரத்தில், சிக்னல் கிடைக்காமல் 1 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்ட கணினி அதே பொட்டலத்துக்கு 12,000 மைக்ரோநொடி எடுத்துக்கொள்ளும். இரண்டும் மாறி மாறி ஒவ்வொன்றாக அனுப்பினால் வேகமான லேப்டாப்புக்கும் கடைசியில் கிடைப்பது ஏறத்தாழ 1 மெகாபிட்தான்! அது ரூட்டருக்கு அருகிலேயே, சிக்னல் முழுசாக இருந்தும்.

பிரான்சின் கிரெனோபிளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். மெதுவான ஒன்று மற்ற எல்லாவற்றையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும் என்பதுதான் அவர்கள் முடிவு. கருவிக்குச் சம வாய்ப்புக்குப் பதிலாகச் சம நேரம் என்று பங்கு பிரிக்கும் தீர்வு பின்னால் வந்தது, 2017 வாக்கில் லினக்ஸின் சில வைஃபை டிரைவர்களிலும் சேர்ந்தது. ரூட்டர் அமைப்பில் ‘ஏர்டைம் ஃபேர்னஸ்’ என்று ஒரு கட்டம் தெரிந்தால் அது இதுதான். இருந்தால் டிக் போடுங்கள். ஆனால் அது ரூட்டர் அனுப்புவதைத்தான் நன்றாகக் கட்டுப்படுத்தும், கருவிகள் தாமாக அனுப்புவதில் அதன் பிடி குறைவு.

இப்போது வாசல் கேமராவுக்கு வருவோம், என் சந்தேகப் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம். வீட்டு வைஃபை வழக்கமாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடும், பெரும்பாலான வைஃபை கேமராக்கள் 2.4இல் மட்டுமே பேசும். காம்பவுண்டு சுவரிலோ போர்டிகோ மேலேயோ மாட்டியிருப்போம், ரூட்டருக்கும் அதற்கும் நடுவே இரண்டு செங்கல் சுவர், ஒரு இரும்புக் கதவு. சிக்னல் தேய்ந்து 6.5 மெகாபிட்டில், அதாவது 802.11என் தரத்தின் மிகக் கீழான படியில், தொங்கிக்கொண்டிருக்கும். அதிலிருந்து இரவும் பகலும் 2 மெகாபிட் வீடியோ கிளவுடுக்குப் போகிறது என்று வையுங்கள். வெறும் கணக்கிலேயே காற்றின் மூன்றில் ஒரு பங்கு போயிற்று, மறுபடி அனுப்புவது, கிடைத்தது என்ற ஒப்புகை, காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் இன்னும் அதிகம். கேமரா ஆப்பைத் திறந்தால் படம் தெளிவாக வரும், அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. அதே 2.4இல் இருக்கும் ஹால் லேப்டாப்தான் ஜூம் மீட்டிங்கில் உறைந்து நிற்கும். சோதிக்கும் வழி எளிது: லேப்டாப்பில் பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது கேமராவின் பிளக்கைக் கழற்றுங்கள். எண்கள் உடனே அமைதியானால் ஆள் அகப்பட்டான். கேமராவுக்கு வயர் இழுக்க முடிந்தால் இழுப்பது உத்தமம். இல்லாவிட்டால் கணினிகளையெல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்திவிட்டு 2.4ஐ கேமராவுக்கும் பல்புக்கும் விட்டுக்கொடுத்துவிடலாம்.

மௌனமாகக் கெடுக்கும் இன்னொரு ஆள், அப்லோடு. இதற்கும் பிங் திரையைத்தான் பார்க்க வேண்டும். 8.8.8.8க்கு ஓடும் பிங்கில் எண்கள் 9, 8, 11, 9 என்று வந்துகொண்டிருக்கும். மகள் கல்லூரியிலிருந்து வீட்டுக்குள் நுழைகிறாள், அவள் போன் வைஃபையில் சேர்கிறது, அன்றைக்கு எடுத்த படங்களும் வீடியோக்களும் தாமாகவே பேக்கப் ஆகத் தொடங்குகின்றன. திரையில் 9, 140, 420, 870, 1150, நடுவே ஒரு ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’. படுக்கையறையிலிருந்து சத்தம் வருகிறது, ஆபீஸோடு இணைக்கும் விபிஎன் அறுந்துவிட்டது. பேக்கப் முடிந்ததும் மறுபடி 9, 8. ஆபீஸ் லேப்டாப்பை எவ்வளவு ஆராய்ந்தாலும் இதற்கு விடை கிடைக்காது.

இங்கே வேகம் குறைந்ததை விட வரிசை நீண்டதுதான் பிரச்சினை. ரூட்டரிலும் மோடத்திலும் அனுப்பக் காத்திருக்கும் தரவைத் தேக்கி வைக்க நினைவகம் உண்டு. நினைவகம் மலிவாகிவிட்டதால் தயாரிப்பாளர்கள் அதைத் தாராளமாக வைத்துவிட்டார்கள். 5 மெகாபிட் அப்லோடு உள்ள லைனில் 1 மெகாபைட் தேங்கினால் அது வடிய 1.6 நொடி ஆகும். பின்னால் வரும் உங்கள் குரல் பொட்டலமும் அந்த 1.6 நொடி நின்றுதான் போக வேண்டும். யுனிக்ஸ் கணினிகளின் திரைச் சாளர மென்பொருளான எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ், 2010இல் தன் வீட்டு இணைப்பில் இந்தத் தாமதத்தைத் துருவிப் பார்த்து ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயர் வைத்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள், வரிசையில் ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து அதிகமானால் தூக்கி எறியும் முறை. எறிந்தால் தரவு போய்விடுமே என்று பயப்பட வேண்டாம், டிசிபி என்ற தரவு அனுப்பும் விதிமுறை அதை மறுபடி அனுப்பும், முக்கியமாக அனுப்பும் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். அதுதான் வேண்டும்.

நம் கையில் இருப்பது என்ன? ஓப்பன்டபிள்யுஆர்டி போன்ற மென்பொருள் ஓடும் ரூட்டராக இருந்தால் எஸ்க்யூஎம் என்ற, வரிசையைக் கட்டுப்படுத்தும் வசதியை இயக்கி, வேகத்தை லைன் வேகத்தில் 90 சதவீதத்துக்குப் பூட்டலாம். அந்தப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுக்க மனசு வராது, ஆனால் விட்டுக்கொடுத்தால் வரிசை மோடத்துக்குள் சேராமல் ரூட்டரின் கட்டுப்பாட்டில் நிற்கும். இணைப்பு கொடுக்கும் நிறுவனம் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியில் இதை எதிர்பார்க்க முடியாது. அப்போது கருவிகளில்தான் கட்டுப்பாடு: போன் பேக்கப்பைச் சார்ஜில் இருக்கும்போது மட்டும் என்று வைப்பது, ஒன்டிரைவில் அப்லோடு வேகத்துக்கு வரம்பு போடுவது, இப்படி. இதில் கவனிக்க ஒன்று உண்டு. ஃபைபர் லைன் 100 மெகாபிட்டாக இருந்தாலும் மாடி அறை வைஃபை 5 மெகாபிட்தான் தாங்குகிறது என்றால், குறுகலான இடம் லைனில் இல்லை, காற்றில் இருக்கிறது, தேக்கமும் அங்கேதான். அதற்குச் சிக்னலைச் சரிசெய்வதுதான் வழி, பிளானை உயர்த்துவதால் ஒன்றும் ஆகாது.

சிக்னல் என்றதும் எல்லாரும் அடுக்குமாடிச் சேனல் நெரிசலைச் சொல்வார்கள். உண்மைதான். 2.4இல் இந்தியாவில் 13 சேனல்கள் இருந்தாலும் அவற்றுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒரு வைஃபைக்கு வேண்டியதோ 20. ஒன்றோடு ஒன்று மோதாமல் பயன்படுத்தக் கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் 1லும் 6லும் இருக்கிறார்கள், 3 காலியாக இருக்கிறது என்று அங்கே போய் உட்காருவது இருப்பதிலேயே மோசமான முடிவு. ஒரே சேனலில் இருந்தால் மற்றவர் பேசுவது கேட்கும், முறை வைத்துப் பேசிக்கொள்ளலாம். பாதி மோதும் சேனலில் அவர் பேச்சு உங்களுக்கு வெறும் இரைச்சல், உங்கள் பேச்சு அவருக்கு இரைச்சல். அதோடு, ஒவ்வொரு வைஃபை பெயரும் சுமார் 102 மில்லிநொடிக்கு ஒரு முறை ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டே இருக்கும், பல ரூட்டர்களில் பழைய 1 மெகாபிட் வேகத்தில். 300 பைட் அறிவிப்புக்கு 2.4 மில்லிநொடி. ஒரே சேனலில் பத்துப் பெயர்கள் கேட்டால் யாரும் எதுவும் செய்யாமலேயே காற்றில் கால்வாசி போயிற்று. விருந்தினருக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று என்று பெயர்களைப் பெருக்கிக்கொண்டே போகாதீர்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம். இந்தியாவில் 2018இல் இந்த அலைவரிசையின் கூடுதல் பகுதிகளும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன. ஆனால் அதே தூரத்தில் 2.4ஐ விட 7 டெசிபெல் போல இழப்பு அதிகம், சுவர் இழப்பு தனி. நம் வீடுகளில் ரூட்டருக்கு எமன் எது என்றால் ஒன்று ஸ்டீல் பீரோ, இரண்டு ஃபிரிட்ஜ், மூன்று தண்ணீர்த் தொட்டி. பரணில் பழைய பாத்திரங்களுக்கு நடுவே ரூட்டரை ஒளித்துவைப்பவர்களும் உண்டு, வயர் தெரியாமல் அழகாக இருக்குமாம். ரூட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதைப் பேசுங்கள். ஒரே ஒரு லேப்டாப்பில் மட்டும் 2.4 அடிக்கடி அறுந்தால் அதன் யுஎஸ்பி ஓட்டையில் வெளி ஹார்ட்டிஸ்க் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி 3 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கக்குவதை இன்டெல் 2012இலேயே அளந்து வெளியிட்டிருக்கிறது. நீளமான, நல்ல உறையுள்ள யுஎஸ்பி வயர் போட்டு டிஸ்க்கைத் தள்ளி வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

நெட் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு கணினிக்கு பிரிண்டர் தெரியவில்லை, இன்னொன்றின் பகிர்ந்த ஃபோல்டர் திறக்கவில்லை என்ற புகார் தனி ரகம். இங்கே முதலில் முகவரிகளைப் பாருங்கள். ஒன்று 192.168.1.5, இன்னொன்று 192.168.0.7 என்றால் வீட்டில் இரண்டு ரூட்டர் ஓடுகிறது என்று அர்த்தம்: நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று, நாம் கடையில் வாங்கி அதற்குப் பின்னால் மாட்டியது ஒன்று. இரண்டும் முகவரி கொடுக்கின்றன, நடுவே சுவர். இரண்டாவதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு, அதாவது வைஃபை மட்டும் தரும் முறைக்கு, மாற்றினால் முகவரி கொடுக்கும் வேலை முதலாவதிடம் மட்டும் இருக்கும். முகவரி 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு யாருமே முகவரி கொடுக்கவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கரண்ட் போய் வந்த பிறகு, இன்வெர்ட்டரில் இல்லாத பெட்டி மெதுவாக எழுந்திருக்கும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். முகவரியெல்லாம் சரி என்றால் விண்டோஸில் அந்த வைஃபை ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள், வீட்டுக்குள் ‘பிரைவேட்’ ஆக இருக்க வேண்டும். கெஸ்ட் வைஃபையில் சேர்ந்த கருவிகளைப் பல ரூட்டர்கள் ஒன்றையொன்று பார்க்கவே விடாது, அதுவும் ஒரு காரணம்.

மாடிக்குச் சிக்னல் எட்டவில்லை என்றால் உடனே சிக்னலைப் பிடித்து மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்குவார்கள், வாங்கி, சிக்னல் செத்த அந்த அறையிலேயே மாட்டுவார்கள். அதற்கே எட்டாததை அது எப்படி மறுபடி அனுப்பும்? பாதி வழியில் மாட்ட வேண்டும். அப்படியும் ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் ஒவ்வொரு பொட்டலத்தையும் இரண்டு முறை காற்றில் விடுவதால் வேகம் பாதியாகும். என் கட்சி வயர் கட்சி. படிக்கட்டு ஓரமாகக் கிளிப் அடித்து ஒரு கேட்-6 லேன் வயரை மாடிக்கு இழுத்து அங்கே இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் வைத்தால் பத்து வருடத்துக்குத் தொல்லை இல்லை. வயர் வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள், செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், வேண்டாம். போட்ட பிறகு ஸ்பீட் டெஸ்ட் எப்போதும் 94, 95க்கு மேல் ஏறவில்லை என்றால் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று பிளக் மாட்டும் கிரிம்ப்பில் விட்டுப்போய், கிகாபிட் இணைப்பு 100க்கு இறங்கிவிட்டது. அல்லது அந்தப் பெட்டியின் போர்ட்டே 100தான்.

வயரில் செருகிய கணினியிலிருந்தும், வேறு எதுவும் ஓடாத நேரத்திலும், ரூட்டர் பிங் சுத்தமாக இருந்து வெளி பிங் மட்டும் அடிவாங்குகிறது என்றால்தான் லைன்காரரைக் கூப்பிட வேண்டும். ஃபைபர் என்றால் அதற்கு முன் பெட்டியின் அமைப்புப் பக்கத்தை பிரவுசரில் திறந்து ‘ஆர்எக்ஸ் பவர்’ என்ற, வந்து சேரும் ஒளியின் அளவைச் சொல்லும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்கு வரும் வழக்கமான ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில் -27 டிபிஎம்தான் கீழ் எல்லை, -18, -20 என்று இருந்தால் நல்லது. -28 என்று காட்டினால் ஃபைபர் எங்கோ கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறது அல்லது இணைப்பு முனையில் அழுக்கு. அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால், ‘ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்’ என்ற பதிலைத் தாண்டி ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.